நகர மையத்தில் வரவிருக்கும் 14 மாடி ஹோட்டலும் அண்டைக் கட்டடங்களும்: வடிவமைப்பு குறித்த விவாத இழை

கிழக்குவாசல் (இழையைத் தொடங்கியவர்):

அனைவருக்கும் வணக்கம். எங்கள் நகர மையத்தில் பல ஆண்டுகளாக வாகன நிறுத்தமாகக் கிடந்த மூலை மனையில் 14 மாடி ஹோட்டல் கட்டுவதற்கு விண்ணப்பம் அளிக்கப்பட்டிருக்கிறது. மனையின் ஒரு பக்கம் நாங்கள் வசிக்கும் ஐந்து மாடிக் குடியிருப்பு, மறுபக்கம் பழைய செங்கல் கட்டடத்தில் இயங்கும் பொது நூலகம். பின்னால் இருப்பது, ஒரு லாரி நுழைந்துவிட்டால் எதிரே சைக்கிள்கூட வர முடியாத அளவுக்குக் குறுகிய சந்து. கருத்துக்கேட்புக் கூட்டம் விரைவில் நடக்கவிருக்கிறது. அதற்குள் எழுத்து மூலம் கருத்துகளை அளிக்க வேண்டும்.

ஹோட்டல் வரக்கூடாது என்பது எங்கள் நிலைப்பாடு அன்று. வெறும் மனையாகக் கிடப்பதைவிட அங்கே ஒரு நல்ல கட்டடம் எழுவதையே எங்களில் பெரும்பாலோர் விரும்புகிறோம். கவலை தருவது வரைபடங்கள் தயாரிக்கப்பட்டிருக்கும் முறை. ஹோட்டலின் ஒவ்வொரு கண்ணாடிப் பலகையும் மாலை வெயிலில் மின்னுவதாக வரைந்திருக்கும் அந்தப் படத்தில், எங்கள் குடியிருப்பு ஒரு ஜன்னல்கூட இல்லாத சாம்பல் நிறப் பெட்டியாக நிற்கிறது. நாற்பதுக்கும் மேற்பட்ட ஜன்னல்கள் அந்தப் பக்கம் திறக்கின்றன என்பதே வடிவமைத்தவர்களின் கணக்கில் வரவில்லையோ என்று ஐயுறுகிறோம்.

முதல் மூன்று தளங்கள் மனையை முழுவதும் அடைத்துக்கொள்கின்றன. அவற்றின் மேல் பின்பக்கம் நீச்சல் குளமும் குளிர்விப்பு இயந்திரங்களும் அமைகின்றன. தெரு மூலையில் கோபுரம் தரையிலிருந்து நேராக எழுகிறது. மூலை முகப்பு உட்பக்கமாக வளைந்த கண்ணாடிச் சுவர். நாங்கள் எவற்றைக் கேட்க வேண்டும், எந்த அளவீடுகளைக் கோர வேண்டும் என்று துறை அறிந்தவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

வரைபலகை:

கட்டடக் கலைஞர் என்ற முறையில் வெளிச்சத்திலிருந்து தொடங்குகிறேன். அண்டைக் கட்டடத்தின் நிழல் குறித்த வழக்குகளில் மிகவும் அறியப்பட்ட ஒன்று இரண்டு ஹோட்டல்களுக்கு இடையே நடந்தது. அமெரிக்காவின் மயாமி கடற்கரையில் ஃபான்டன்ப்ளூ ஹோட்டல் தன் கட்டடத்தோடு 14 மாடி இணைப்பு ஒன்றைக் கட்ட முனைந்தபோது, குளிர்கால மாதங்களில் பிற்பகல் 2 மணி முதலே அதன் நிழல் பக்கத்து ஈடன் ராக் ஹோட்டலின் நீச்சல் குளத்தை மூடிவிடும் என்பது தெரிந்தது. ஈடன் ராக் நீதிமன்றம் சென்றது. 1959இல் ஃபுளோரிடா மேல்முறையீட்டு நீதிமன்றம், அண்டை நிலத்தின் மேலாக வரும் வெயிலுக்கும் காற்றுக்கும் யாருக்கும் சட்டப்படியான உரிமை இல்லை என்று தீர்ப்பளித்தது. இங்கிலாந்தில் நிலை வேறு; 1832ஆம் ஆண்டுச் சட்டப்படி, 20 ஆண்டுகள் இடையறாது ஒரு ஜன்னல் வழியே வந்த வெளிச்சத்துக்கு உரிமை பிறக்கிறது.

இதை இங்கே குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. வெளிச்சம் உங்கள் உரிமையா என்பது நீங்கள் வாழும் நாட்டின் சட்டத்தைப் பொறுத்தது. கட்டி முடித்த பிறகு நீதிமன்றத்தில் தேடிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டால் ஈடன் ராக்கின் நிலை உங்களுக்கும் நேரலாம். எனவே திட்ட அனுமதி வழங்கப்படும் முன்பே இதைக் கேட்டாக வேண்டும்.

கேட்கும் முறையையும் சொல்கிறேன். பிரிட்டனில் பரவலாகப் பின்பற்றப்படும் பகல் வெளிச்ச வழிகாட்டியில் எளிய முதல் சோதனை ஒன்று இருக்கிறது. உங்கள் கட்டடத்தின் மிகத் தாழ்ந்த ஜன்னலின் நடுப்புள்ளியிலிருந்து 25 பாகை சாய்வில் மேல்நோக்கி ஒரு கோடு போடுங்கள். புதிய கட்டடம் அந்தக் கோட்டுக்குக் கீழே அடங்கிவிட்டால் பெரிய பாதிப்பு இராது. கோட்டைத் தாண்டினால், அந்த ஜன்னலின் மேல் வானத்திலிருந்து நேரடியாக விழும் வெளிச்சம், திறந்தவெளியில் தரைமேல் விழுவதில் எத்தனை சதவீதம் என்று கணக்கிட வேண்டும். எதிரே எந்தத் தடையும் இல்லாத செங்குத்துச் சுவரில் உள்ள ஜன்னலுக்கு இது ஏறத்தாழ 40 சதவீதம். புதிய கட்டடம் வந்த பின் 27 சதவீதத்துக்குக் குறைந்து, முன்பு இருந்ததில் 0.8 மடங்குக்கும் கீழே போனால், வீட்டுக்குள் இருப்பவர்கள் அந்த இழப்பை உணர்வார்கள் என்பது அந்த வழிகாட்டியின் கருத்து. உங்கள் நாட்டில் இந்த எண்கள் கட்டாயமாக இல்லாமல் இருக்கலாம். ஆனாலும், ஜன்னல் வாரியாக முன்பும் பின்பும் எவ்வளவு என்ற அட்டவணையைக் கேட்பதை எவரும் தவறு என்று சொல்ல இயலாது.

நிழல் வரைபடங்களில் இன்னொன்றைக் கவனியுங்கள். விண்ணப்பத்தில் பெரும்பாலும் கோடைக்கால நண்பகல் நிழலே இடம்பெறும். ஆண்டிலேயே மிகக் குட்டையான நிழல் அதுதான். மார்ச் 21, ஜூன் 21, டிசம்பர் 21 ஆகிய மூன்று நாட்களுக்கும், காலை முதல் மாலை வரை மணிக்கு ஒரு படம் வீதம் கேளுங்கள்.

நடைமேடை:

மாற்றுக் கருத்து ஒன்றைப் பதிவு செய்ய விரும்புகிறேன். நகர மையத்தில் வாழ்பவர்கள் புறநகரின் வானத்தை எதிர்பார்க்க முடியாது. பேருந்தும் ரயிலும் கூடுகிற இடத்தில் உயரமான கட்டடம் எழுவதே முறை. அங்கே கட்ட விடாமல் தடுத்தால் அதே ஹோட்டல் நெடுஞ்சாலை ஓரத்தில் பரந்த வாகன நிறுத்தத்தோடு எழும், அதனால் நகரத்துக்கு எந்த நன்மையும் இல்லை. வெளிச்சம், நிழல் என்று ஒவ்வொன்றாக ஆட்சேபம் எழுப்பி, ஒரு திட்டத்தை ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்து, இறுதியில் அது கைவிடப்படுவதை நான் பார்த்திருக்கிறேன். அந்த மனை இன்றும் முள்வேலிக்குள் கிடக்கிறது.

உயரத்தைக் குறைக்கச் சொல்லும்போதும் எச்சரிக்கை வேண்டும். 14 மாடியை 9 மாடியாக்கினால் அதே எண்ணிக்கை அறைகளுக்காகக் கட்டடம் அகலமாகும். அகலமான கட்டடத்தின் நிழல் மெலிந்த கோபுரத்தின் நிழலைவிட நீண்ட நேரம் ஒரே இடத்தில் தங்கிவிடும்.

வரைபலகை:

மெலிந்த கோபுரம் குறித்து நடைமேடை அவர்கள் சொன்னதை முழுவதும் ஏற்கிறேன். நியூயார்க்கில் 1915இல் 38 மாடி ஈக்விடபிள் கட்டடம் மனை முழுவதையும் அடைத்துக்கொண்டு நேராக எழுந்து சுற்றுத் தெருக்களை நிழலில் ஆழ்த்தியது. அதையொட்டி எழுந்த எதிர்ப்பும் சேர்ந்துதான் 1916ஆம் ஆண்டு மண்டல விதிகளுக்கு வழிவகுத்தது. அந்த விதிகள் உயரத்துக்கு ஒட்டுமொத்தத் தடை போடவில்லை. மேலே செல்லச் செல்லக் கட்டடம் தெருவிலிருந்து பின்வாங்க வேண்டும் என்றன. ஆகவே, இந்தக் கோபுரம் மனையின் எந்தப் பகுதியில் நிற்கிறது, உங்கள் கட்டடத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று கேட்பதே பயன் தரும்.

கொதிகலன்:

ஹோட்டல்களின் பராமரிப்புப் பிரிவில் நீண்ட காலம் பணியாற்றியவன் நான். இங்கே எல்லோரும் கோபுரத்தைப் பார்க்கிறீர்கள். கட்டடம் திறந்த பிறகு அண்டை வீட்டாருக்கும் ஹோட்டலுக்கும் நடக்கும் சண்டைகளில் பெரும்பாலானவை பின்வாசலில்தான் தொடங்குகின்றன என்பதை அனுபவத்தில் சொல்கிறேன்.

ஹோட்டல் என்பது இரவும் பகலும் ஓயாமல் இயங்கும் கட்டடம். விடியும் முன்பே காய்கறி, பால், மீன் வண்டிகள் வரும். படுக்கை விரிப்புகளையும் துண்டுகளையும் சலவைக்கு ஏற்றிச் செல்லும் லாரி அடுத்து வரும். அந்த லாரி பின்னோக்கி வரும்போது எழுப்பும் எச்சரிக்கை ஒலி சந்தின் இரு சுவர்களுக்கு இடையே எதிரொலித்து ஐந்தாம் மாடி வரை ஏறும். இரவு விருந்து முடிந்ததும் காலிக் கண்ணாடிப் பாட்டில்களைத் தொட்டியில் கொட்டுவார்கள். நள்ளிரவு தாண்டி அந்த ஓசை ஒரு முறை கேட்டாலே குழந்தைகள் எழுந்துவிடும். ஊழியர்கள் இடைவேளையில் நின்று பேசுவதும் அங்கேதான். இவர்களில் யாரும் அண்டை வீட்டாருக்குத் தொல்லை தர வேண்டும் என்று எண்ணுவதில்லை. வடிவமைத்தவர் அவர்களுக்கு வேறு இடம் தரவில்லை, அவ்வளவுதான்.

நீங்கள் கோர வேண்டியவை இவை. சரக்கு இறக்கும் இடம் கட்டடத்துக்குள்ளேயே, ஷட்டர் போட்டு மூடக்கூடியதாக இருக்க வேண்டும். லாரி முன்னோக்கி நுழைந்து, உள்ளேயே திரும்பி, முன்னோக்கியே வெளியேறும் அளவுக்கு அங்கே இடம் வேண்டும். லாரியின் திருப்பப் பாதையை வரைபடத்தில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பல விண்ணப்பங்களில் இந்தப் பாதையை ஒரு சிறிய வண்டியின் அளவுக்கு வரைந்திருப்பார்கள். எந்த வண்டிக்கு வரைந்தது என்று அவசியம் கேளுங்கள். ஈரக் குப்பைக்குக் குளிரூட்டிய அறையும், பாட்டில்களுக்கு உட்புறத்தில் தனித் தொட்டியும் இருக்க வேண்டும். சமையலறைப் புகை சந்தில் வெளியேறாமல் கோபுரத்தின் உச்சிவரை குழாயில் சென்று வெளியேற வேண்டும். அதற்கான செங்குத்து வழியை இப்போதே தரைப்படத்தில் ஒதுக்காவிட்டால், பின்னர் எவராலும் அதைச் சேர்க்க முடியாது.

அடுத்து, மூன்றாம் தளத்தின் மேல் வைக்கவிருக்கும் குளிர்விப்பு இயந்திரங்கள். உங்கள் கட்டடம் ஐந்து மாடி என்கிறீர்கள்; அப்படியானால் நான்காம், ஐந்தாம் மாடிப் படுக்கையறைகளின் நேர் எதிரே அவை இரவு முழுவதும் ஓடப்போகின்றன. விண்ணப்பத்தின் ஒலி அறிக்கையை வாங்கிப் பாருங்கள். ஓர் இயந்திரத்தின் ஒலி அளவை மட்டும் கொடுத்திருந்தால் அது போதாது. ஒரே அளவு ஒலி எழுப்பும் இரண்டு இயந்திரங்கள் சேர்ந்து ஓடினால் 3 டெசிபெல் கூடும், நான்கு ஓடினால் 6 கூடும். அவசரகால ஜெனரேட்டரையும் அவ்வப்போது ஓட்டிச் சோதிப்பார்கள் என்பதால் அதுவும் கணக்கில் வர வேண்டும். ஒப்பிடப்படும் பின்னணி ஒலியை, போக்குவரத்து மிகுந்த மாலையில் அல்லாமல், இரவின் மிக அமைதியான நேரத்தில், உங்கள் ஜன்னல் அருகே அளந்திருக்க வேண்டும்.

கிழக்குவாசல்:

கொதிகலன் அவர்களுக்கு மனமார்ந்த நன்றி. இயந்திரங்களின் இடத்தை நாங்கள் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. தாங்கள் சொன்ன பிறகு தரைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். எங்கள் பக்கத்து எல்லைச் சுவரை ஒட்டி நான்கு சதுரங்கள் வரைந்திருக்கின்றன. ஒலித் தடுப்புச் சுவர் எதுவும் காணோம். நீச்சல் குளத்துக்கும் இயந்திரங்களுக்கும் இடையே மட்டும் ஒரு தடுப்பு இருக்கிறது. விருந்தினர்களைக் காப்பாற்றும் அந்தத் தடுப்பு, ஒலியை எங்கள் பக்கமாகத் திருப்பிவிடும் என்று அஞ்சுகிறோம்.

காற்றாடி:

கோபுரம் பின்வாங்காமல் தெரு மூலையில் தரைவரை நேராக இறங்குகிறது என்று முதல் பதிவில் இருந்தது. அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே என்பதால் எழுதுகிறேன். உயரத்தில் காற்று வேகமாக வீசும். அகன்ற தட்டைச் சுவர் அந்தக் காற்றைத் தடுக்கும்போது அதில் ஒரு பகுதி சுவரோடு கீழே இறங்கி, மூலையைச் சுற்றிக்கொண்டு, நடந்து செல்பவர்கள் மேல் பாய்கிறது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 2007இல் கட்டி முடிக்கப்பட்ட 32 மாடி பிரிட்ஜ்வாட்டர் பிளேஸ் கட்டடத்தின் அடியில், 2011 மார்ச்சில் பலத்த காற்றில் ஒரு லாரி கவிழ்ந்து, நடந்து சென்ற ஒருவர் உயிரிழந்தார். பின்னர் தெருவின் மேலேயே காற்றுத் தடுப்புகளை எழுப்ப வேண்டியதாயிற்று. 14 மாடிக்கு அந்த அளவு ஆபத்து நேரும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நூலகத்துக்கு முதியவர்களும் பிள்ளைகளும் வந்துபோகும் தெரு மூலை அது. கோபுரத்தை மூன்றாம் தளத்தின் மேல் சில மீட்டர் உள்வாங்கினால் இறங்கும் காற்று அந்தத் தளத்திலேயே தேங்கிவிடும். வாசலில் அகன்ற விதானமும் அமைந்தால் பாதிப்பு இன்னும் குறையும். உட்காரவும் நிற்கவும் நடக்கவும் தெருவின் எந்தெந்தப் பகுதி ஏற்றதாக இருக்கும் என்று தரம் பிரித்துக் காட்டும் காற்று ஆய்வைக் கேளுங்கள். காற்றுச் சுரங்கச் சோதனையில் அண்டைக் கட்டடங்களின் மாதிரிகளும் இடம்பெற வேண்டும்.

மான்செஸ்டரின் 47 மாடி பீத்தம் கோபுரத்தின் கீழ்ப்பாதி ஒரு ஹோட்டல். உச்சியில் அழகுக்காக எழுப்பிய கண்ணாடித் தகட்டில் பலத்த காற்று மோதும்போதெல்லாம் அது ரீங்கரிக்கிறது. 2006இல் கட்டடம் முடிந்த காலத்திலிருந்தே சுற்றுவட்டாரம் முழுவதும் அதைக் கேட்டுவருகிறது. எனவே முகப்பில் ஒட்டவைக்கும் தகடுகளையும் அலங்காரக் கம்பிகளையும் பற்றிக்கூடக் கேட்பது நல்லது.

உட்பக்கம் வளைந்த கண்ணாடி முகப்புதான் எனக்கு மிகுந்த கவலை தருகிறது. குழி ஆடியைப் போல அது வெயிலை ஓரிடத்தில் குவிக்கும். லாஸ் வேகாஸின் வடாரா ஹோட்டலில் 2010இல் நீச்சல் குளத்தருகே இருந்தவர்களுக்கு இப்படிக் குவிந்த வெயிலால் தலைமுடி கருகியதாகச் செய்தி வந்தது. 2013இல் லண்டனில் கட்டி முடியும் நிலையில் இருந்த 20 ஃபென்சர்ச் தெருக் கட்டடம், கீழே நிறுத்தியிருந்த காரின் பாகங்களை உருக்கியது. அடுத்த ஆண்டு அதன் முகப்பில் வெயில் தடுப்புத் தகடுகள் பொருத்தப்பட்டன. இரண்டையும் வடிவமைத்தவர் ரஃபேல் வினோலி. உலகப் புகழ் பெற்ற ஒருவரின் கைக்கே இரண்டு முறை இது நேர்ந்திருக்கும்போது, நம் ஊர் விண்ணப்பத்தில் கண்ணாடிப் பிரதிபலிப்பு ஆய்வு இல்லாமல் இருப்பதை எவ்வாறு ஏற்க முடியும்?

செங்கல்:

நூலகக் கட்டடத்துக்காகப் பேச வேண்டியிருக்கிறது. அது தானாக வந்து ஆட்சேபம் தெரிவிக்காது. ஹோட்டலுக்கு நிலத்தடித் தளங்கள் உண்டா? உண்டென்றால், கோபுரத்தின் உயரத்தைவிடக் குழியின் ஆழமே பழைய கட்டடத்துக்குப் பெரிய கேள்வி.

பாஸ்டனில் 60 மாடி ஜான் ஹான்காக் கோபுரத்துக்கு அடித்தளம் தோண்டியபோது, குழியின் தாங்கு சுவர்கள் உட்பக்கம் நகர்ந்து, அருகில் இருந்த டிரினிட்டி தேவாலயம் சேதமடைந்தது. 1877இல் கட்டி முடிந்த அந்தத் தேவாலயம், நிரப்பிய சதுப்பு நிலத்தில் அடிக்கப்பட்ட ஆயிரக்கணக்கான மரத் தூண்களின் மேல் நிற்கிறது. அத்தகைய தூண்கள் நிலத்தடி நீருக்குள் மூழ்கியிருக்கும்வரை உறுதியாக இருக்கும்; நீர்மட்டம் இறங்கினால் அழுகத் தொடங்கும். தேவாலயம் தொடுத்த இழப்பீட்டு வழக்கில் மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1987இல். கோபுரமோ 1976லேயே திறக்கப்பட்டுவிட்டது.

அதனால் வேலை தொடங்கும் முன்பே சிலவற்றை நிபந்தனையாக்க வேண்டும். நூலகத்தின் ஒவ்வொரு சுவரையும், இருக்கும் விரிசல் ஒவ்வொன்றையும் படமெடுத்து, இரு தரப்பும் கையொப்பமிட்ட நிலை அறிக்கை தயாரிக்க வேண்டும். அது இல்லாவிட்டால் பிறகு தோன்றும் எந்த விரிசலும் ‘பழைய விரிசல்’ ஆகிவிடும். விரிசல்களின் மேல் அளவிகளைப் பொருத்த வேண்டும். நிலத்தடி நீர்மட்டத்தைக் கண்காணிக்கக் குழாய்கள் இறக்க வேண்டும். அதிர்வுக்கு எல்லை வேண்டும். தொன்மையான, எளிதில் பாதிப்படையும் கட்டடங்களுக்கு ஜெர்மானியத் தரநிலை, தாழ் அதிர்வெண்களில், அடித்தளத்தில் வினாடிக்கு 3 மில்லிமீட்டர் என்ற அளவை வழிகாட்டியாகக் கொள்கிறது. எல்லையை எட்டினால் வேலையை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

மாடத்துவாசி:

அந்தரங்கம் பற்றி ஒரு சொல். குடியிருப்புக்கு எதிரே குடியிருப்பு வந்தால், எதிர் வீட்டாரும் நம்மைப் போலவே திரைச்சீலையை இழுத்துவிடுவார்கள். நாளடைவில் ஒரு நாகரிகம் தானாக அமைந்துவிடும். ஹோட்டல் அறையிலோ நாளுக்கொருவர் வருகிறார். அவருக்கு நம்மைத் தெரியாது, மறுநாள் போய்விடுவார். ஆகவே இங்கே மனிதர்களின் கூச்சத்தை நம்பியிருக்க முடியாது. கட்டடமே பார்வையைத் தடுத்தாக வேண்டும். சாய்த்து அமைத்த ஜன்னல்கள், செங்குத்துத் தகடுகள், குளத்தின் ஓரத்தில் மனித உயரத்துக்கு மேலான செடி அடர்ந்த தடுப்பு ஆகிய மூன்றையும் நாங்கள் எங்கள் கடிதத்தில் சேர்ப்போம். லண்டன் டேட் மாடர்ன் கலைக்கூடத்தின் பத்தாம் தளப் பார்வை மேடையிலிருந்து எதிரே இருந்த கண்ணாடி வீடுகளுக்குள் பார்வையாளர்கள் எட்டிப்பார்த்தது தொடர்பான வழக்கில், 2023இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் வீட்டு உரிமையாளர்களின் பக்கம் நின்றது. அதுவும் மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில்தான். சட்டப் போராட்டம் அவ்வளவு நிச்சயமற்றது.

நடைமேடை:

இந்தக் கோரிக்கைகளில் பலவற்றை நானும் வரவேற்கிறேன். ஹோட்டல் வேண்டும் என்ற என் நிலையில் மாற்றமில்லை. ஆனால் நகரத்தின் பார்வையில் எல்லாவற்றிலும் முக்கியமான ஒன்று விடுபட்டிருக்கிறது. ஆயிரக்கணக்கானோர் தினமும் கடக்கப்போவது தரைத்தளம். வரைபடத்தில் வண்டிகள் வந்து நிற்கும் போர்டிகோவுக்கு ஓர் உள்வழியும் ஒரு வெளிவழியும் போட்டிருந்தால், நடைபாதை இரண்டு இடங்களில் வெட்டுப்படும். சுற்றுலாப் பேருந்து ஒன்று வந்து நின்றால், பெட்டிகளோடு இறங்கும் கூட்டம் மூன்றாவது வெட்டாகிவிடும். வண்டிகள் நடைபாதையின் மட்டத்துக்கு ஏறி, மெதுவாகக் கடக்கட்டும். நடப்பவர்கள் இறங்கி ஏற வேண்டியதில்லை. நூலகத்தின் பக்கத்துத் தெருவில் வெறும் சுவரும் காற்றோட்டக் கம்பிகளும் மட்டும் இருந்தால், மாலை ஆனதும் அந்தத் தெரு செத்துப்போகும். அங்கே கதவுகளும் கடைகளும் உள்ளிருந்து தெரியும் விளக்குகளும் வேண்டும் என்று கேளுங்கள். குடியிருப்பவர்களின் ஜன்னலைவிட இதற்கு முன்னுரிமை தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கிழக்குவாசல்:

முன்னுரிமை விஷயத்தில் எங்களால் உடன்பட இயலவில்லை. தெருவைக் கடப்பவர் ஒரு நிமிடம் அங்கே இருக்கிறார், நாங்கள் அங்கேயே வாழ்கிறோம். எனினும் பக்கத்துத் தெருவைப் பற்றிய கோரிக்கையை அப்படியே சேர்த்துக்கொள்கிறோம். நூலகத்தின் பொறுப்பாளர்களிடமும் பேசிவிட்டோம். நிலை அறிக்கையை அவர்கள் தனிக் கடிதமாகவே கேட்கப்போகிறார்கள். ஜன்னல்கள் உட்பட எங்கள் கட்டடத்தைச் சேர்த்து வரைந்த புதிய படங்கள் வராமல் கூட்டம் நடத்தக் கூடாது என்பது எங்கள் முதல் கோரிக்கையாக இருக்கும்.

ஒரே ஓர் ஐயம் மிச்சமிருக்கிறது. குளிர்விப்பு இயந்திரங்களைக் கோபுரத்தின் உச்சிக்கு மாற்றச் சொன்னால், கட்டடத்தின் உயரம் கூடிவிடும், விதி இடம் தராது என்று விண்ணப்பதாரர் மறுக்க வாய்ப்பிருக்கிறதா?

வரைபலகை:

மறுக்கலாம், ஆனால் பதில் உண்டு. பல நகரங்களின் விதிகளில், கூரைமேல் வைக்கும் இயந்திர அறைகளும் நீர்த்தொட்டிகளும் குறிப்பிட்ட அளவுவரை கட்டட உயரக் கணக்கில் சேர்வதில்லை. உங்கள் நகர விதியில் அந்தப் பிரிவு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், பிரிவு எண்ணோடு கடிதத்தில் குறிப்பிடுங்கள். எடை கூடும் என்று சொன்னால், தூண்களின் வடிவமைப்பு இன்னும் இறுதியாகாத நிலையில் அது பெரிய தடை அன்று. அனுமதி கிடைத்துத் தூண்கள் எழுந்த பிறகு அவர்களின் அந்த மறுப்பு உண்மையாகிவிடும்.

கொதிகலன்:

ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உச்சிக்குக் கொண்டுபோக மறுத்தால், அதே மூன்றாம் தளத்தில் நீச்சல் குளத்தையும் இயந்திரங்களையும் இடம் மாற்றி, இயந்திரங்களைத் தெருப் பக்கம் வைக்கச் சொல்லிப் பாருங்கள். தெருவில் இரவிலும் வண்டி ஓசை இருக்கும், எதிரே படுக்கையறைகள் இல்லை. ஆனால் அப்போது குளம் உங்கள் ஜன்னல்களுக்கு எதிரே வந்துவிடும். மாடத்துவாசி அவர்கள் சொன்ன தடுப்போடு, குளத்தை இரவு எத்தனை மணிக்கு மூட வேண்டும் என்பதையும் அனுமதியின் நிபந்தனையாக எழுதிவிடுங்கள்.